ஆட்சியரா, ஆணையரா, அலுவலரா? மனு எழுதுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய பதவிச் சொற்கள்

"ஆர்.டி.ஓ.வைப் போய்ப் பாருங்க" என்று யாரோ சொல்ல, நிலத் தகராறு மனுவோடு ஆட்டோ ஏறி "ஆர்.டி.ஓ. ஆபீஸ்" என்றால், இறக்கிவிடும் இடத்தில் ஓட்டுநர் உரிமத்துக்கு வரிசை நிற்கும். வண்டி பார்க்கும் ஆர்.டி.ஓ. வட்டாரப் போக்குவரத்து அலுவலர். நிலம் பார்க்கும் ஆர்.டி.ஓ. வருவாய் கோட்டாட்சியர். தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் அரை நாள் மிச்சம்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கு முதன்முறையாக மனு எழுதுகிறவர்கள் பாதிப் பேர் தடுக்கி விழுவது 'பெறுநர்' என்ற வரியில்தான். பதவிப் பெயர்கள் எல்லாமே ஆளுதல், கட்டுப்படுத்துதல், நிர்வகித்தல் என்ற பொருளைச் சுற்றியே வருவதால் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் அவரால் என்ன செய்ய முடியும் என்பது எழுதியே இருக்கிறது. அதைப் படிக்கப் பழகினால் மனு சரியான மேசைக்குப் போகும்.

1. முதலில் எல்லைச் சொல்: கோட்டம், வட்டம், வட்டாரம்

வருவாய்த் துறையில் மேலிருந்து கீழே மாவட்டம், கோட்டம், வட்டம், குறுவட்டம், வருவாய் கிராமம் என்று இறங்கும். குறுவட்டத்தை ஊரில் 'பிர்கா' என்பார்கள். அந்தந்த எல்லைக்கு உரியவர்கள் முறையே மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர் (தாசில்தார்), வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.).

இதே சொற்களை மின்வாரியத்தில் தலைகீழாக அடுக்குகிறார்கள். அங்கே வட்டம் பெரியது, கோட்டம் அதற்குள் அடங்கியது. பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர், உபகோட்டத்தில் உதவி செயற்பொறியாளர், கோட்டத்தில் செயற்பொறியாளர், வட்டத்தில் மேற்பார்வைப் பொறியாளர். வட்டாட்சியர் அலுவலகம் உள்ள ஊரில்தான் மின்வாரிய வட்ட அலுவலகமும் இருக்கும் என்று நினைத்து அலைய வேண்டாம். அது பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் இருக்கும்.

'வட்டம்' வேறு, 'வட்டாரம்' வேறு. வட்டாரம் என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் எல்லை. அதற்குரியவர் வட்டார வளர்ச்சி அலுவலர், பேச்சு வழக்கில் பி.டி.ஓ. ஒன்றிய அலுவலகத்தில் இந்தப் பதவியில் இருவர் இருப்பார்கள். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒருவருக்கு 'வட்டார ஊராட்சி' என்றும், மற்றவருக்குக் 'கிராம ஊராட்சி' என்றும் இருக்கும். கிராமத்துத் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், ஊராட்சிக் கணக்கு பற்றிய மனு என்றால் கிராம ஊராட்சிக்காரருக்கு எழுதுங்கள். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் தாள் ஒரே கட்டடத்துக்குள் மேசை மாறுவதற்கே பத்து நாள் எடுத்துக்கொள்ளும்.

உங்கள் வருவாய் கிராமத்தின் பெயரும் ஊராட்சியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பட்டாவில் உள்ளது வருவாய் கிராமம். வீட்டு வரி ரசீதில் உள்ளது ஊராட்சி. மனுவில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

2. பதவிப் பெயரின் பின்பாதியைப் படியுங்கள்

ஆட்சியர் என்பவர் ஓர் எல்லைக்குள் உள்ள நிலத்துக்கும் நிர்வாகத்துக்கும் பொறுப்பானவர். ஆணையர் ஒரு துறைக்கோ நகரத்துக்கோ ஆணையிடும் தலைவர்: மாநகராட்சி ஆணையர், நகராட்சி ஆணையர், அறநிலையத் துறை ஆணையர். 'ஆணையம்' என்று எழுதிவிட்டால் அது பலர் கொண்ட அமைப்பு, தகவல் ஆணையம் மாதிரி. கடைசி 'ர்', 'ம்' ஆக மாறுவதால் தபால் வேறு கட்டடத்துக்குப் போகும்.

காவல்துறையில் சென்னை, கோவை, மதுரை போன்ற மாநகரங்களில் தலைவர் காவல் ஆணையர், மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளர், அதாவது எஸ்.பி. மாநகர எல்லைக்குள் நடந்ததற்கு மாவட்ட எஸ்.பி.க்கு எழுதினால் "எல்லைக்கு உட்பட்டதல்ல" என்று திரும்பும்.

'ஆய்வாளர்' என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். காவல் ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், சுகாதார ஆய்வாளர் என்று மூவர் ஒரே ஊரில் இருப்பார்கள். 'செயல் அலுவலர்' கதையும் அதேதான். பேரூராட்சிக்கும் செயல் அலுவலர் உண்டு, பெரிய கோயிலுக்கும் உண்டு. இருவரையும் ஊரில் 'ஈ.ஓ.' என்றே அழைப்பார்கள்.

தேர்ந்தெடுத்த தலைமை இல்லாத காலத்தில் நிர்வாகம் யார் கைக்குப் போகிறது என்பதற்கு இடத்துக்கு ஒரு சொல் இருக்கிறது. புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காவிட்டால் பொறுப்பில் இருப்பவர் தனி அலுவலர். கூட்டுறவுச் சங்கத்தில் நிர்வாகக் குழு இல்லையென்றால் செயலாட்சியர். கோயிலில் அறங்காவலர்கள் இல்லையென்றால் தக்கார். இல்லாத தலைவருக்கு மனு எழுதினால் யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. அறிவிப்புப் பலகையில் கடைசியாக ஒட்டிய தாளில் கையெழுத்துக்குக் கீழே என்ன பதவி இருக்கிறது என்று பாருங்கள். அதைவிட நம்பகமான சான்று கிடையாது.

முன்னொட்டுகளையும் கவனியுங்கள். உதவி, துணை, இணை, கூடுதல் என்று கீழிருந்து மேலே போகும். உதவி ஆணையர் என்றால் ஆணையருக்கு எடுபிடி என்று நினைக்கிறார்கள். அவருக்கென்று தனி எல்லையும் அதிகாரமும் உண்டு. ஆட்சியரின் 'நேர்முக உதவியாளர் (பொது)' இன்னும் ஏமாற்றும் பெயர். கேட்டால் தட்டச்சர் போல ஒலிக்கும். உண்மையில் அவர் துணை ஆட்சியர் நிலை அதிகாரி, ஆட்சியர் அலுவலகக் கோப்புகள் பல அவர் வழியாகவே நகரும். கோட்டாட்சியர் இடத்தில் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி இருந்தால் அவரைச் சார் ஆட்சியர் என்பார்கள். வேலை ஒன்றுதான்.

பலகையில் 'வட்டாட்சியர் (பொறுப்பு)' என்று இருந்தால், அந்த இடத்துக்கு முறையாக நியமித்தவர் இல்லை, வேறொருவர் கூடுதலாகப் பார்க்கிறார் என்று பொருள். மனுவை எப்போதும் பதவிக்கு எழுதுங்கள், ஆளின் பெயருக்கு எழுதாதீர்கள். இடமாறுதல் வந்தால் பெயருக்கு எழுதிய மனு அனாதையாகிவிடும்.

3. "யாருடைய கட்டுப்பாட்டில்?" என்பதைக் காகிதத்தில் பிடியுங்கள்

உரிமை, கட்டுப்பாடு, பராமரிப்பு மூன்றும் வேறு வேறு. ஊர்க் குளத்து நிலம் அரசுப் புறம்போக்காக வருவாய்த் துறைக் கணக்கில் இருக்கும். அதைத் தூர்வாரும் பொறுப்பு ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கலாம். ஆக்கிரமிப்பு என்றால் ஒருவரிடமும், கரை உடைந்தது என்றால் இன்னொருவரிடமும் போக வேண்டியிருக்கும்.

ஏரிக்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரி நீர் பாயும் நிலம், 100 ஏக்கர் (சுமார் 40 ஹெக்டேர்) அல்லது அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். நீர்வளத் துறை 2021 வரை பொதுப்பணித் துறைக்குள் இருந்ததால் ஊரில் இன்னும் 'பி.டபிள்யூ.டி. ஏரி' என்பார்கள். மனுவில் நீர்வளத் துறை என்றே எழுதுங்கள்.

சாலைக்கு மைல்கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை போன்றவை நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர், உதவிக் கோட்டப் பொறியாளர் கையில். கிராமத்து உட்சாலை ஊராட்சி அல்லது ஒன்றியத்திடம்.

நிலம் என்றால் 'அ' பதிவேட்டு நகல் பாருங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்) கொடுத்தால் கட்டணமில்லாமல் கிடைக்கும். அந்தப் புலம் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), புறம்போக்கா, புறம்போக்கு என்றால் வாய்க்காலா, வண்டிப்பாதையா என்று அதில் இருக்கும். 'வண்டிப்பாதை' என்று பதிந்த நகல் ஒன்றை இணைத்தால் இரண்டு பக்கப் புலம்பலுக்குச் சமம்.

4. பேச்சுச் சொல்லை மனுச் சொல்லாக மாற்றுங்கள்

"இந்த வாய்க்கா யாரு கண்ட்ரோல்ல வருது" என்பது மனுவில் "யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது" ஆகும். "ரோட்டை யாரும் மெயின்டெய்ன் பண்றதில்ல" என்பது "பராமரிப்பின்றி உள்ளது". "நாங்களே சமாளிச்சுக்கிட்டு இருக்கோம்" என்பதை அப்படியே எழுதினால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று படிக்க வாய்ப்பு உண்டு. "தற்காலிக ஏற்பாடாகத் தண்ணீர் லாரியைப் பயன்படுத்தி வருகிறோம்" என்று எழுதுங்கள்.

"அவர் ரொம்ப அதிகாரம் பண்றார்" என்பதை "அதிகாரத் துஷ்பிரயோகம்" என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அது குற்றச்சாட்டு, ஆதாரம் கேட்பார்கள். ஒரு அலுவலர் தன் எல்லை தாண்டிச் செய்தார் என்பது மட்டும்தான் விஷயம் என்றால் "அதிகார வரம்பை மீறி" போதும்.

ஓர் எழுத்தில் கவிழ்க்கும் சொற்கள் சில:

- கையாளுதல் என்றால் ஒன்றை நடத்துவது. கையாடல் என்றால் பொதுப் பணத்தை விழுங்குவது. "நிதியைக் கையாண்டார்" என்று எழுத வந்தவர் "கையாடினார்" என்று எழுதினால் அவதூறு வழக்குவரை போகலாம்.
- நிர்வகிக்கிறார் சரி, 'நிர்வாகிக்கிறார்' பிழை. நிர்வாகி என்பவர் சங்கத்திலோ கட்சியிலோ பொறுப்பில் இருப்பவர்.
- ஆட்சேபணைக்கும் ஆட்சிக்கும் தொடர்பில்லை, அது எதிர்ப்பு. 'ஆட்சேபணையற்ற புறம்போக்கு' என்றால் வீட்டுமனைப் பட்டா கேட்க வழியுள்ள இடம். நீர்நிலை, சாலை போன்றவை ஆட்சேபணைக்குரியவை, அங்கே பட்டா கேட்டு நாளை வீணாக்க வேண்டாம்.
- அனுப்புநர், பெறுநர், இயக்குநர் எல்லாம் 'நர்' சேர்ந்தவை. 'அனுப்புனர்' என்று எழுதியதற்காக யாரும் மனுவைத் திருப்பமாட்டார்கள், ஆனாலும் சரியாக எழுதலாமே.

5. கேட்கும் வினை, பெறுபவரின் அதிகாரத்துக்குப் பொருந்த வேண்டும்

கிராம நிர்வாக அலுவலரிடம் "பட்டாவை ரத்து செய்து ஆணையிட வேண்டுகிறேன்" என்று கேட்பதில் பயன் இல்லை. அவர் கணக்கைப் பார்த்து அறிக்கை அனுப்புவார். வருவாய் ஆய்வாளர் விசாரித்துப் பரிந்துரைப்பார். ஆணை மேலிருந்து வரும். எனவே முதலாமவரிடம் "அறிக்கை அனுப்பிட", இரண்டாமவரிடம் "விசாரித்துப் பரிந்துரை செய்திட", வட்டாட்சியரிடம் "ஆணை பிறப்பித்திட" என்று கேளுங்கள்.

பட்டா மாறுதலிலேயே இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். முழுப் புலமும் அப்படியே கைமாறினால், அதாவது உட்பிரிவு தேவையில்லை என்றால், மண்டலத் துணை வட்டாட்சியர் ஆணையிடுவார். உட்பிரிவு செய்ய வேண்டுமானால் நில அளவர் அளந்த பிறகு வட்டாட்சியர். கணக்குப்படி முதலாவதற்கு 15 நாள், இரண்டாவதற்கு 30 நாள். அளவை வேலை இருந்தால் தள்ளிப்போகும் என்று எதிர்பார்த்தே வங்கிக் கடன், கட்டட அனுமதிக்கெல்லாம் தேதி குறியுங்கள். பட்டா ஆணையில் குறை என்றால் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம், அதன் பிறகு மறுசீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம். நேராக ஆட்சியரிடம் போனாலும் கோப்பு இந்தப் படிகளுக்கே திரும்பி வரும்.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். பட்டியல் சாதிக்கு வட்டாட்சியர், பழங்குடிக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர், பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் துணை வட்டாட்சியர். பழங்குடிச் சான்றுக்கு வட்டாட்சியர் கையெழுத்திட்ட தாளைக் கல்லூரியில் நீட்டினால் திருப்பிவிடுவார்கள்.

புறம்போக்கு ஆக்கிரமிப்புக்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 7ஆம் பிரிவில் அறிவிப்பு, 6ஆம் பிரிவில் வெளியேற்றம். "ஆக்கிரமிப்பை அகற்றுங்கள்" என்று மொட்டையாகக் கேட்பதைவிட "7ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு அனுப்பி, 6ஆம் பிரிவின்படி அகற்ற ஆணையிடுமாறு" என்று எழுதினால், முதல் படி நடந்ததா என்று அடுத்த மாதம் கேட்க உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

'ஆவன செய்யுமாறு' என்ற தொடர் பார்க்க அழகு. எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லாது. கடைசி வரியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. தாள், இணைப்பு, செலவு

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. பட்டாவும் சாலையும் முதியோர் உதவித்தொகையும் ஒரே தாளில் இருந்தால் மூன்று துறைக்கும் சொந்தமில்லாமல் போகும். 'பொருள்' வரியில் கிராமம், புல எண், கோரிக்கை மூன்றும் வரட்டும். ஏற்கெனவே வந்த கடிதம் இருந்தால் 'பார்வை' என்று போட்டு அதன் ந.க. எண்ணையும் நாளையும் எழுதுங்கள். ந.க. எண் என்பது அந்த அலுவலகத்தில் உங்கள் கோப்பின் பெயர். அதைச் சொன்னால் எழுத்தர் எடுத்துப் பார்ப்பார், இல்லாவிட்டால் "நாளைக்கு வாங்க".

இணைப்பில் நகல் மட்டும் வையுங்கள். மூலப் பத்திரத்தைக் கொடுக்கவே கூடாது. ஆதார் நகல், பட்டா அல்லது பத்திர நகல், 'அ' பதிவேட்டு நகல், தேதி தெரியும் நிழற்படம், இவை போதும்.

மனு கொடுக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ், பட்டா மாறுதல் போன்றவற்றுக்கு இ-சேவை மையத்தில் சேவைக் கட்டணம் ரூ.60. உட்பிரிவு இருந்தால் அதற்குத் தனிக் கட்டணம். ஆட்சியர் அலுவலக வாசலில் எழுதிக் கொடுப்பவர்கள் கேட்கும் தொகை ஆளுக்கு ஆள் மாறும். அவர்கள் பழைய நடையில் "மகாகனம் பொருந்திய கலெக்டர் சமூகத்துக்கு" என்றெல்லாம் இழுப்பார்கள். அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

7. கொடுக்கும் நாளும் ஒப்புகையும்

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். பதிவு செய்து எண் கொடுப்பார்கள், அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் வருவாய்த் தீர்வாயம், அதாவது ஜமாபந்தி, நிலக் கணக்கு மனுக்களுக்கு நல்ல வாய்ப்பு. கிராமக் கணக்குகள் எல்லாம் அன்று மேசையில் இருக்கும். ஊராட்சி விஷயம் என்றால் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அலைய முடியாதவர்கள் முதலமைச்சரின் உதவி மையத்தில், 1100 என்ற எண்ணில், பதிவு செய்யலாம்.

மற்ற அலுவலகங்களில் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்குங்கள். முத்திரை மறுத்தால் ஒப்புகை கேட்டு அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காவல் நிலையத்தில் மனு ஏற்பு ரசீது, பேச்சில் சி.எஸ்.ஆர்., கேளுங்கள்.

8. பதிலில் உள்ள சொற்களுக்கு என்ன பொருள்

"மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது": கோப்பு இடம் மாறியிருக்கிறது. எந்த அலுவலருக்கு, எந்த ந.க. எண்ணில் என்று குறித்துக்கொண்டு அங்கே போங்கள்.

"பரிசீலனையில் உள்ளது": இன்னும் முடிவெடுக்கவில்லை. 30 நாள் கழித்தும் இதே வரி என்றால் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

"உரிமையியல் நீதிமன்றத்தை அணுகித் தீர்வு பெறவும்": இது உரிமைத் தகராறு, வருவாய்த் துறை கை வைக்காது என்கிறார்கள். இதற்குமேல் மனு மேல் மனு போடுவதில் பலன் குறைவு. வழக்கறிஞரைப் பாருங்கள்.

"கோரிக்கை ஏற்க இயலாது": மனம் நொந்து கிழித்துப் போடாதீர்கள். மேல்முறையீடு செய்ய இந்தத் தாள்தான் வேண்டும். வாய்மொழியாக மறுப்பவரிடம் இதையே எழுத்தில் கேளுங்கள்.

9. பதிலே வராவிட்டால்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 6(1) பிரிவின்கீழ் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, ரூ.10 நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் "இது தகவல் ஆகாது" என்று தட்டிவிடுவார்கள். "இன்ன தேதியிட்ட என் மனு எந்தெந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது, அதன் குறிப்புக் கோப்பின் நகல்" என்று கேளுங்கள். நகல் பக்கத்துக்கு ரூ.2.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அலுவலகம் மாறிப் போயிருந்தால் கவலை இல்லை. 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த மாற்றக் கடிதத்தின் 'பெறுநர்' வரியில் யார் இருக்கிறாரோ, உங்கள் அடுத்த மனுவுக்கும் பெறுநர் அவர்தான்.